குடும்ப ஜெபம் நின்றுபோன மூன்று மாதம்

வேலை போனதும் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. முழங்கால் போட்டால் வாடகைக் கணக்குதான் ஓடும். ராத்திரி குடும்ப ஜெபமும் நின்றது.

என்னை அசைத்தது அடுப்படியில் இருந்த டப்பா. உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை ஆலயத்துக்கென்று தனியாகப் போட்டுவைப்பது திருநெல்வேலிப் பக்கம் பழைய வழக்கம். ரேஷன் அரிசி தீரப்போன வாரத்திலும் என் மனைவி அதை நிறுத்தவில்லை. பிடி மட்டும் கொஞ்சம் சிறுத்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்றிரவு வேதாகமத்தில் சங்கீதம் 13-ஐ எடுத்தேன். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது நேராகவே கேட்கிறார். நானும் சத்தமாகக் கேட்டேன், தொண்டை அடைத்தது. எல்லாம் நன்றாயிருப்பதுபோல் ஜெபிக்கப் பார்த்ததுதான் என் தடை.

அதன்பின் தினமும் முதலில் முறையீடு. பிறகு அன்றைய தேவை ஒன்றே ஒன்று: கரண்ட் பில், பிள்ளைக்கு நோட்டு. "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்ற ஐந்தாம் வசனத்தை மனதாரச் சொல்ல எனக்குப் பல வாரம் ஆனது. பொய்யாகச் சொல்ல மனமில்லை. சபையில் ஓர் அண்ணனிடம் கடனையும் மறைக்காமல் சொன்னேன்.

இன்னும் நிரந்தர வேலை இல்லை. ராத்திரி எட்டரை ஆனால் சின்னவள் ஜெபத்துக்குப் பாய் விரித்துவிடுகிறாள்.