கொய்யா, மாதுளை சேர்த்த பச்சை சாலட்: எலுமிச்சை, கருப்பட்டி டிரெஸ்ஸிங்குடன்

முதன்முறையாகப் பச்சை சாலட் செய்பவர்கள் டிரெஸ்ஸிங்கை, அதாவது இலையின் மேல் ஊற்றும் எண்ணெய், புளிப்புக் கலவையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். ஆனால் சாலட்டைக் கெடுப்பது பெரும்பாலும் இலையில் தங்கிவிட்ட ஈரமே. ஈர இலையில் எண்ணெய் ஒட்டாமல் வழுக்கி இறங்கி, பாத்திரத்தின் அடியில் தேங்கிவிடும்.

நான்கு பேருக்கு லெட்யூஸ் இலை 150 கிராம், பிஞ்சு வெள்ளரிக்காய் ஒன்று, செங்காயான கொய்யா ஒன்று, மாதுளை முத்து அரைக் கிண்ணம் போதும். லெட்யூஸ் மலைப்பகுதியிலிருந்து வரும் இலை என்பதால், திருநெல்வேலி வெயிலில் மதியத்திற்குள் துவண்டுவிடும். காலையிலேயே வாங்குவது நல்லது. துவண்டிருந்தாலும் கவலை வேண்டாம்: குளிர்ந்த நீரில் பதினைந்து நிமிடம் மூழ்கியிருந்தால், இலை நீரை உறிஞ்சி மறுபடி மொறுமொறுப்பாகிவிடும். பிறகு மண் போக மூன்று தண்ணீரில் அலசி, உதறி, பருத்தித் துண்டில் பரப்பிச் சுருட்டி மெதுவாக ஒற்றியெடுங்கள். விரலால் தடவும்போது ஈரம் தட்டக் கூடாது. இதில் மட்டும் அவசரம் ஆகாது.

இலை உலரும் நேரத்தில் டிரெஸ்ஸிங்கைத் தொடங்கலாம். வறுக்காத கடுகை நுணுக்கி, கால் தேக்கரண்டி எடுத்து, ஒரு தேக்கரண்டி பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். கடுகின் காரம் நீர் பட்ட பின்னரே எழும். எலுமிச்சைச் சாற்றை முதலிலேயே சேர்த்தால் அந்தக் காரம் முழுமையாக எழாது. எண்ணெயையும் சாற்றையும் சற்று நேரம் பிரியாமல் பிடித்து வைப்பதும் இந்தக் கடுகுதான்.

அதன்பின் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரைத் தேக்கரண்டி உப்பு, சிறிது மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி கருப்பட்டிப் பாகு ஆகியவற்றைக் கடுகோடு கலக்குங்கள். புளியங்குடி எலுமிச்சை கிடைத்தால் அதையே வாங்குங்கள். கருப்பட்டியில் மண் இருக்கக்கூடும் என்பதால், கரைத்து வடிகட்டிய பாகை நன்றாக ஆறவிட்ட பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு ஒரு பங்குக்கு எண்ணெய் மூன்று பங்கு என்பது பொதுவான கணக்கு. செக்கு நல்லெண்ணெயின் வாசம் பழத்தை அமுக்கிவிடும் என்பதால் நான் இரண்டு பங்கோடு, அதாவது நான்கு மேசைக்கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறேன். எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் ஊற்றி அரை நிமிடம் குலுக்கினால், தனித்தனியாக நின்ற எண்ணெயும் சாறும் கலங்கி, கெட்டியான மோர் போலத் திரண்டு வரும்.

சாரல் காலமென்றால் குற்றாலத்துக் கடைகளில் கிடைக்கும் ரம்புட்டானைக் கொட்டை நீக்கிச் சேர்க்கலாம். மங்குஸ்தானைத் தனியாகச் சாப்பிடுவதே முறை. அதன் மெல்லிய மணம் கடுகுக்கு முன் நிற்காது. நன்கு பழுத்த பப்பாளி குழைந்துவிடும்.

பரிமாறும் வேளையில் இலையைக் கையால் கிள்ளிப் போட்டு, வெள்ளரியையும் கொய்யாவையும் மெல்லிய வில்லைகளாக நறுக்கிச் சேருங்கள். கொய்யாவின் நடுவிலுள்ள விதைப்பகுதியை நீக்கிவிடுங்கள். டிரெஸ்ஸிங்கில் பாதியை மட்டும் ஊற்றி, இலை கசங்காதபடி இரு கைகளாலும் அடியிலிருந்து மேலாகப் புரட்டி, ஓர் இலையைத் தின்று பார்த்துத் தேவையானால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். மாதுளை முத்துக்களைக் கடைசியாகத் தூவி உடனே பரிமாறிவிட வேண்டும். உப்பும் புளிப்பும் இலையிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடுவதால், நேரம் போகப் போக இலை வாடிவிடும். மீந்த டிரெஸ்ஸிங்கைக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைத்திருக்கலாம். எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும், மீண்டும் குலுக்கிய பின் ஊற்றுங்கள்.