தொண்டிக் கடலில் தெரிந்த புகை, புகையே இல்லை

மோடிஸ் (நாசா செயற்கைக்கோள்களில் உள்ள ஒரு படக்கருவி) படத்தில் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வாடைக்காற்று மாதங்களில் ஏரோசால் (காற்றில் மிதக்கும் புகை, தூசித் துகள்கள்) அளவு ஏறிக்கொண்டே இருந்தது, கடல்மேல் ஒரு புகைத்திட்டு போல. வயல் தீயோ என்று, செயற்கைக்கோள் காட்டும் தீப்புள்ளிகளைப் பார்த்தேன்; பொருந்தவில்லை. மோடிஸ் ஏறிய இரு செயற்கைக்கோள்களில் டெர்ராவுக்குப் பதில் அக்வா படத்தைப் போட்டும் அதே திட்டுதான்.

துப்பு கொடுத்தது திட்டின் ஓரம். பாம்பன், தனுஷ்கோடி வரியோடு கத்தரித்தாற்போல் நின்றது. மன்னார் வளைகுடா சுத்தம். புகை அப்படித் தீவைக் கண்டு நிற்காது. ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் அலை கிளப்பிய சேறு அது.

தீர்ந்த வழி: 0.47 (நீலம்), 1.24, 1.64, 2.13 மைக்ரான் (அகச்சிவப்பு) அலைநீளங்களின் பிரதிபலிப்புகளை மடக்கை (log) அளவில் நேர்கோடாகப் பொருத்தி, 0.55 மைக்ரானுக்கு (பச்சை) வரவேண்டிய மதிப்பைக் கணக்கிடுங்கள். அசல் மதிப்பு அதைவிட 0.01-க்கு மேல் கூடினால் சேறு. அந்தப் பிக்சலை (படப்புள்ளியை) நீக்குங்கள். சேறு பச்சையில்தான் துருத்தும், புகை நீலத்திலிருந்து சீராக இறங்கும். சராசரி எடுக்குமுன் 500 மீட்டர் பிக்சல் அளவிலேயே நீக்கிவிட வேண்டும். திட்டு மறைந்தது, அப்பாடா!