மோட்டார் போட்டால் எம்சிபி விழுகிறதா?

காவேரிப்பட்டணம் வீட்டில் ஒன்றரை எச்பி போர் மோட்டார். ஸ்விட்ச் போட்டதும் டப்பென்று எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே விழுந்து லைனை அறுக்கும் ஸ்விட்ச்) விழும். சில நாள் விழாமல் ஓடும். வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், "32 ஆம்ப் போட்டுடலாம் சார், பிரச்சனையே வராது" என்றார். உள்ளே ஓடுவது 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். 32 போட்டால் எம்சிபி விழாது, ஒயர்தான் உருகும்.

எம்சிபி முகத்தில் 'பி16' என்று இருந்தது. பி வகை, 16 ஆம்பியரின் 3 முதல் 5 மடங்கிலேயே, அதாவது 48-80 ஆம்பியரில் உடனே விழும். மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். சி வகை உடனே விழுவது 5 முதல் 10 மடங்கில்தான். ஆக, அதே 16, ஆனால் சி.

கிருஷ்ணகிரி கடையில் எங்கள் பெட்டியின் கம்பெனி இல்லையென்று வேறொன்று கொடுத்தார்கள். பெட்டிக்குள் எம்சிபி மாட்டும் 35 மிமீ ரெயிலில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் பஸ்பாரின் (எம்சிபிகளுக்குக் கரண்டைப் பகிரும் பட்டை) செம்புப் பல் டெர்மினல் வாய்க்கு நேராக வரவில்லை, கொஞ்சம் கீழே நின்றது. "வளைச்சு சொருகிடலாம்" என்றார் அண்ணன். ஒத்துக்கொள்ளவில்லை; பல் பாதி கடித்து நின்றால் அங்கேதான் சூடேறும். (பக்கத்து எம்சிபியின் ஸ்குரூ லூசாகி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்ததை அன்றுதான் பார்த்தோம்.)

மாற்றிக்கொண்டு அதே கம்பெனி சி16 வாங்கி, மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டினார். இப்போது விழுவதில்லை. வாங்கும்போது கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஷார்ட் ஆனால் அத்தனை ஆம்பியர்வரை அறுத்துவிடும் என்று அர்த்தம்.