பாதி மருந்து, பாதி ஆபத்து என்று நினைக்காதீர்கள்

கேரள எல்லையில் கம்பம்மெட்டுக்கு மேலே, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பெரியப்பாவின் உரிமத்தில் ஒரு பழைய வின்செஸ்டர் லிவர் ரைபிள் இருக்கிறது. விசைக்கு அடியில் உள்ள வளையத்தைக் கீழே தள்ளி இழுத்தால் சுட்ட கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1894 மாடல். அதற்கான .30-30 தோட்டா 1895இல் வந்தது. இந்தப் பக்கத்தில் அந்தத் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது யாரேனும் வந்து, “வெற்றுக் கூட்டில் நாமே வெடிமருந்து நிரப்பினால் என்ன? காட்டுப்பன்றிக்குத்தானே, கொஞ்சமாக நிரப்பினால் போதாதா?” என்று கேட்பார்கள்.

முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவருக்குத் தோட்டா வாங்கவும் வைத்துக்கொள்ளவும்தான் அனுமதி. தயாரிக்க வேண்டுமென்றால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தனி உரிமம் கேட்கிறது. அந்தச் சட்டம் ‘வெடிபொருள்’ (ammunition) என்பதற்குத் தரும் விளக்கத்தில் தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் கருவிகளும்கூட அடங்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத தயாரிப்புக்குத் தண்டனை 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. குமுளி சோதனைச்சாவடிக்கு எந்தப் பக்கம் நின்றாலும் சட்டம் ஒன்றுதான். இனி நான் சொல்வதெல்லாம், இது அனுமதிக்கப்பட்ட நாட்டில் இருப்பவர்களுக்கும், காணொளி பார்த்துவிட்டு இங்கே கை பரபரப்பவர்களுக்கும்.

என் மாமா மகன் டெக்சாஸில் இருக்கிறார். அங்கே தோட்டா நிரப்புவது சாதாரண ஞாயிற்றுக்கிழமை வேலை. தோளில் உதை குறைய வேண்டும், பிள்ளைகள் பழக வேண்டும், ஈயக்குண்டு மலிவு என்று பல காரணங்களுக்காக வேகம் குறைந்த தோட்டா நிரப்புகிறார்கள். புதிதாக இறங்குகிற எல்லோரும் ஒரே கணக்கைப் போடுகிறார்கள்: மருந்து பாதியானால் ஆபத்தும் பாதி. குழம்பில் மிளகாய்த்தூளைக் குறைப்பது போல என்று நினைப்பு.

கூட்டுக்குள் நடப்பது வேறு. புகையில்லா மருந்து எரியும் வேகம் அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஏறினால்தான் சீராக எரியும். மெதுவாக எரியும் மருந்தைக் குறைத்துப் போட்டால் விக்கி விக்கி எரியும், சில வேளை பாதியில் அணையும். எச்110, வின்செஸ்டர் 296 என்ற உருண்டை மருந்துகளை .357, .44 மேக்னம் லிவர் ரைபிள்களுக்கு விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். தன் அளவு அட்டவணையில் உள்ளதற்குக் கீழே அவற்றைக் குறைக்காதே என்று அவற்றை விற்கும் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. எச்4895 மருந்துக்கோ, அட்டவணையின் உச்ச அளவு நூறு என்றால் அறுபதுவரை, அதாவது அதன் 60 சதவீத அளவுவரை இறங்கலாம் என்று அதே நிறுவனம் சொல்கிறது. அந்த 60ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வேறு மருந்துக்குப் பொருத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அனுமதி அந்த ஒரு மருந்துக்குத்தான். மற்ற எதற்கும் குறைந்தபட்ச அளவு அச்சில் இருந்தால் அதற்குக் கீழே போகக்கூடாது. அச்சில் இல்லையென்றால் அந்த மருந்து இந்த வேலைக்கு இல்லை.

அடுத்தது, இரட்டை மருந்து. வேகமாக எரியும் மருந்தைக் கொஞ்சமாகப் போட்டால் .30-30 கூட்டின் அடியில் அது ஒரு மூலையில் கிடக்கும். கவனம் சிதறி அதே கூட்டில் இரண்டாம் முறை போட்டாலும் வழியாது. வழிந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அளவு கிரெயினில், ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். நம் தட்டாரின் பழைய குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெயின். அந்த நுணுக்கத்தில் வேலை செய்துகொண்டே கைப்பேசியில் பேசுவதை என்னவென்று சொல்வது? கூடுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டைப் பொருத்தும் முன் ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் பருத்த மருந்து கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டாம் முறை போட்டால் தானே வழிந்து காட்டிக் கொடுக்கும்.

கூட்டில் வெற்றிடம் மிகுந்தால் இன்னொரு வம்பு உண்டு. தட்டையான நிலத்தில் சுடுபவருக்கு இது சட்டென்று உறைக்காது, மலைக்காரருக்கு உறைக்கும். சரிவில் கீழ்நோக்கிக் குழலைச் சாய்த்தால் மருந்து முன்னால் ஓடிவிடும். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் கூட்டின் அடியில் இருப்பதால் தீப்பொறி பின்னால் இருக்கிறது. மேல்நோக்கிச் சுட்டால் மருந்து பிரைமரை ஒட்டிக் கிடக்கும். ஒரே தோட்டா, இரண்டு வேகம். குண்டு விழும் இடமும் மாறும்.

இதன் கடைசிப் படிதான் குழலில் குண்டு சிக்குவது. ‘டமார்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘தொப்’ என்று வரும், உதையே இருக்காது. லிவர் ரைபிள்காரரின் கை பழக்கத்தில் அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். சிக்கிய குண்டின் பின்னால் இன்னொன்று போனால் குழல் புடைக்கும் அல்லது வெடிக்கும். சத்தம் மாறினால் கை நிற்க வேண்டும். விசையை அழுத்தியும் வெடிக்கவே இல்லையென்றால், குழலை ஆபத்தில்லாத திசையிலேயே 30 வினாடியாவது வைத்திருந்த பிறகுதான் திறக்க வேண்டும். இரண்டிலும் தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். செம்பு உறை போட்ட குண்டு குழலோடு அதிகம் உராய்வதால் குறைந்த வேகத்தில் சிக்கும் வாய்ப்பு கூடுதல். அதனால்தான் மென்வேகத்துக்கு ஈயக்குண்டையே எடுக்கிறார்கள்.

லிவர் ரைபிளுக்கே உரிய தவறு ஒன்று உண்டு. குழலின் அடியில் உள்ள குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னுள்ள குண்டின் மூக்கு முன்னுள்ளதன் பிரைமரில் இடிக்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால் உதையின் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். தட்டை மூக்குதான் வழக்கம். கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் இறுக்கி மடிக்காவிட்டால், குழாயின் சுருள்வில் குண்டைக் கூட்டுக்குள் அமுக்கிவிடும். தோட்டாவின் நீளம் குறையும், ஏறும்போது சிக்கும்.

பன்றிக்குப் போதுமா என்ற கேள்விக்கு வருவோம். போதாது. 150 கிரெயின் குண்டுடன் வரும் ஆலைத் தோட்டா வினாடிக்குச் சுமார் 2,390 அடி வேகம். அதே எடையை 1,300 அடிக்கு இறக்கினால் இயக்க ஆற்றல் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. காயப்பட்ட பன்றி ஏலச்செடிக்குள் புகுந்தால், மறுநாள் காலை காய் எடுக்கப் போகும் பெண்களுக்குத்தான் ஆபத்து. கேரளத்தில் 2022இலிருந்து உள்ளாட்சித் தலைவர் உத்தரவிட்டால், பட்டியலில் உள்ள உரிமதாரர் சுடலாம். தமிழ்நாட்டில் வனத்துறையினர்தான் சுட வேண்டும். எந்தப் பக்கமானாலும் அது ஆலைத் தோட்டாவுக்கான வேலை.

சென்ற மழைக்காலத்தில் மாமா மகன் 50 தோட்டா நிரப்பி முடித்த பிறகு ஒரு கூட்டில் மருந்து போட்டோமா என்று சந்தேகம் வந்திருக்கிறது. எடை போட்டுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாமே என்றேன். கூடும் குண்டும் எடையில் ஒன்றுக்கொன்று வேறுபடும், அந்த வேறுபாட்டில் இவ்வளவு சிறிய மருந்து மறைந்துவிடும் என்றார். 50ஐயும் பிரித்தார். 37ஆவது கூடு காலியாக இருந்தது.