அல்லிக்குளத்து ஹைட்ராவுக்கு வயது பார்ப்பது எப்படி?

கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்தினேன். குளத்து நீரில் இலைகளில் ஒட்டி வாழும் ஹைட்ரா என்ற சின்னஞ்சிறு உயிரைக் கரும்பலகையில் வரைந்தே காலத்தை ஓட்டிவிட்டேன். உயிரோடு வளர்த்தது ஓய்வுபெற்ற பிறகுதான்.

கார்த்திகை மழை ஓய்ந்து குளம் தெளியும் மார்கழியும் தையும் இதற்கு ஏற்றவை. மாடு இறங்காத குளத்தில் ஒரு கைப்பிடி வேலம்பாசியும் இரண்டு அல்லி இலையும் எடுத்து, அதே தண்ணீரோடு கண்ணாடிப் பாட்டிலில் போட்டுச் சன்னலோரம் வையுங்கள். வெயில் நேராகப் படக்கூடாது. மறுநாள், வெளிச்சம் வரும் பக்கத்தில் நுனி பிரிந்த வாழைநார்த் துணுக்குபோல் ஏதாவது ஒட்டியிருந்தால் பாட்டிலைத் தட்டிப் பாருங்கள். சட்டென்று சுருங்கிக் கடுகானால் அது ஹைட்ரா. எனக்கு நான்காவது குளத்தில்தான் அகப்பட்டது.

செம்புப் பாத்திரம் மட்டும் வேண்டவே வேண்டாம். உடம்புக்கு நல்லது என்று வீட்டில் வைத்திருந்த செம்புக் குடத்துத் தண்ணீரை ஊற்றி, முதலில் பிடித்தவற்றை ஒரே இரவில் கொன்றேன். நமக்கு நல்லதாம், அதற்கு நஞ்சு! குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். குளத்துத் தண்ணீரையே வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் இங்க் ஃபில்லரால் நாலைந்து தண்ணீர்ப்பூச்சிக் (டாஃப்னியா) குஞ்சுகளை விடுங்கள். தின்று முடித்ததும் தண்ணீரை மாற்றுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. நன்றாகத் தின்ற ஹைட்ராவின் இடுப்பில் மொட்டு விடும். சில நாளில் அது தனியே கழன்றுவிடும். கழன்றதை அன்றே வேறு கிண்ணத்துக்கு மாற்றாவிட்டால், ஒரு வாரத்தில் தாய் எது, பிள்ளை எது என்று தெரியாது. தோற்றத்தில் கிழடும் இளசும் ஒன்றே. டேனியல் மார்ட்டினெஸ் என்ற ஆய்வாளர் இப்படித்தான் தாய்களைத் தனியே நான்கு ஆண்டுகள் காத்தார். நாள் ஏற ஏறச் சாவு கூடவில்லை என்று 1998இல் எழுதினார்.

ஹைட்ரா மூப்படையாததற்குக் காரணம் உடலின் நடுப்பகுதியில் இருக்கிறது. அங்கே மூன்று வகை ஸ்டெம் செல்கள், அதாவது புதுச் செல்களை உண்டாக்கும் மூலச் செல்கள், ஓயாமல் பிரிகின்றன. புதியவை பழையவற்றைத் தலைக்கும் பாதத்துக்கும் தள்ள, அவை அங்கே உதிர்ந்துபோகின்றன. ஏறக்குறைய மூன்று வாரத்தில் உடம்பே புதிதாகிவிடுகிறது. நாற்றங்காலில் நாற்று வந்துகொண்டே இருந்தால் வயல் எப்படிக் காயும்?

எல்லா ஹைட்ராவும் இப்படியல்ல. ஹைட்ரா ஒலிகாக்டிஸ் என்ற இனம், குளிரில் வைத்தால் முட்டையும் விந்தும் உண்டாக்கிவிட்டுச் சில மாதங்களில் மூப்படைந்து சாகிறது.

மூப்பு இல்லாவிட்டாலும் வெயில் விடாது. பங்குனி பிறந்ததும், ஈர மணல் பரப்பிய மண்சட்டியில் பாட்டிலை இறக்கி, காலையும் மாலையும் மணலை நனையுங்கள். என் நோட்டில் தாய் ஹைட்ராவின் பெயரில் 41 மொட்டுகள் பதிவாகியிருக்கின்றன. சித்திரையில் இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன். மணல் காய்ந்துகிடந்தது, கண்ணாடியில் ஒன்றும் இல்லை.