மெஷ் ரூட்டர் வாங்கும் முன்: முதலில் பேக்ஹால், பெட்டியில் இருக்கும் எண் அப்புறம்

500 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. ரூட்டர் பக்கத்தில் நின்றால் வேகம் பறக்கிறது. கடைசி அறைக்குப் போனால் 20-ஐத் தாண்டவில்லை. இதற்கு மெஷ் (ஒரே நெட்வொர்க்காக இயங்கும் பல ரூட்டர்கள்; ஒவ்வொன்றும் ஒரு நோட்) நல்ல தீர்வுதான். ஆனால் மெஷ் போட்ட பிறகும் அதே அறையில் 80, 90-இலேயே நிற்கும் வீடுகள் நிறைய. பெரும்பாலும் ரூட்டர் மேல் தப்பிருக்காது. நோட்கள் தங்களுக்குள் எந்த வழியாகப் பேசப்போகின்றன என்பதை யோசிக்காமலே வாங்கியதுதான் காரணம். அந்த வழிக்குத்தான் பேக்ஹால் என்று பெயர். அதை முடிவு செய்துவிட்டால் எந்த மாடல் என்பது தானாகவே சுருங்கி இரண்டு மூன்றில் வந்து நிற்கும்.

படி 1: வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

ஒரு லேப்டாப்பை மோடத்தின் லேன் போர்ட்டில் கேபிள் வழியாக நேரடியாகச் செருகி ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். இணையச் சேவையிலிருந்து என்ன வருகிறது என்பதற்கு இதுதான் ஆதாரம். இங்கேயே குறைவாக வந்தால் மெஷ் எதையும் சரி செய்யாது.

வேகம் 94 எம்பிபிஎஸ் அருகில் போய் அசையாமல் நின்றால், எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். கிகாபிட் ஓட கேபிளுக்குள் இருக்கும் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு 2 ஜோடி போதும். 100-க்குத் தேவைப்படாத மற்ற 2 ஜோடியில் ஒரு கம்பி உடைந்திருந்தாலும், கனெக்டரில் அதன் முனை சரியாக உட்காராவிட்டாலும், இணைப்பு அறுந்துபோகாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் வேலை செய்வதுபோலவே தெரிவதால் யாரும் கேபிளைச் சந்தேகிப்பதில்லை. கேபிளை மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பின் போர்ட்டே 100 வகையா என்றும் பாருங்கள்.

அடுத்து ஒவ்வோர் அறையிலும் சிக்னலை டிபிஎம் கணக்கில் (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலுவானது) குறித்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் செயலி போதும். ஐபோனில் ஏர்போர்ட் யூட்டிலிட்டி செயலியை நிறுவி, போனின் அமைப்புகளில் அதற்கான வைஃபை ஸ்கேனரை இயக்க வேண்டும். −50 என்றால் அருமை, −65 வரை நல்லது, −70-ஐத் தாண்டினால் தடுமாறும், −80 என்றால் பேருக்குத்தான் இணைப்பு. அளக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் (வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்று) இருக்கிறீர்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 2.4-இல் சிக்னல் நிறையத் தெரியும், வேகம் வராது.

வீடு சிறியது, மோடம் ஒரு மூலையில் இருக்கிறது என்றால் முதலில் ஒரு நீளமான கேபிள் வாங்கி, நல்ல ரூட்டர் ஒன்றை வீட்டின் நடுவில் வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் மெஷ் தேவையே இருக்காது.

படி 2: பேக்ஹாலை முடிவு செய்யுங்கள்

இரண்டு பேண்ட் மட்டும் உள்ள மெஷ்ஷில், நோட் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை வைத்துக்கொண்டு இரண்டு வேலை பார்க்கிறது. பிரதான ரூட்டரிடமிருந்து ஒரு பாக்கெட்டை வாங்குகிறது. பிறகு அதே சேனலில் அதை உங்கள் போனுக்கு அனுப்புகிறது. ஒரே பாக்கெட் காற்றில் இரண்டு முறை போவதால் கிடைக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட், அங்கிருந்து போன் என்று சங்கிலியாகப் போனால் மூன்றில் ஒரு பங்கு. இதை எந்த விலையுயர்ந்த ஆன்டெனாவாலும் மாற்ற முடியாது.

எனவே என் வரிசை இதுதான். முதல் இடம் ஈதர்நெட் கேபிளுக்கு. கேட் 5ஈ கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும். 2.5 கிகாபிட்டுக்கும் அதுவே போதும். புதிதாக இழுப்பதாக இருந்தால் கேட் 6 போடுங்கள், அதற்கு மேல் வீட்டுக்கு வேண்டாம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிளைத் தொடாதீர்கள். முழுச் செம்பு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அறைகளுக்கு இடையே பழைய கோஆக்ஸியல் டிவி கேபிள் ஓடி, அதில் இப்போது வேறு சிக்னல் எதுவும் வராவிட்டால், மோக்கா 2.5 அடாப்டர் (கோஆக்ஸியல் கேபிளில் நெட்வொர்க் தரவை அனுப்பும் கருவி) ஒரு ஜோடி வாங்கி அதையே பேக்ஹாலாக்கலாம். ஈதர்நெட்டுக்கு அடுத்தபடி நம்பத்தக்க வழி அதுதான். மின்கம்பி வழியாகத் தரவு அனுப்பும் பவர்லைன் அடாப்டர்களை நான் பரிந்துரைப்பதில்லை. வீட்டு வயரிங்கையும், அந்த நேரத்தில் ஓடும் மோட்டார்களையும் பொறுத்து வேகம் ஏறி இறங்கும்.

கேபிளுக்கு வழியே இல்லை என்றால் மூன்று பேண்ட் உள்ள மெஷ். அதில் ஒரு ரேடியோ முழுக்க நோட்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கும், அல்லது அப்படி ஒதுக்க முடியும். மூன்றாவது பேண்ட் 6 கிகாஹெர்ட்ஸாக இருந்தால் நெரிசல் இல்லாத வழி கிடைக்கும். ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, 6 கிகாஹெர்ட்ஸை எல்லா நாடுகளும் வைஃபைக்குத் திறந்துவிடவில்லை. திறந்த இடங்களிலும் அளவு மாறும். இரண்டு, அது சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். இடையில் இரண்டு கான்கிரீட் சுவர் இருந்தால் நோட்கள் சத்தமில்லாமல் 5 கிகாஹெர்ட்ஸுக்கே திரும்பிவிடும். கொடுத்த கூடுதல் பணம் வீண்.

படி 3: பெட்டியில் இருக்கும் எண்

ஏஎக்ஸ் 3000 (ஏஎக்ஸ் என்பது வைஃபை 6-இன் குறி) என்றால் 3000 எம்பிபிஎஸ் கிடைக்கும் என்று பொருளில்லை. 2.4-இல் 574, 5-இல் 2402, இரண்டையும் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கிய எண் அது. ஏஎக்ஸ் 1800 என்றால் 574-உம் 1201-உம். உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இருக்கும். இரண்டு ஆன்டெனா உள்ள சாதாரண வைஃபை 6 போன் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1201-க்கு இணையும். ஸ்பீட் டெஸ்ட்டில் அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை வந்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

அந்த எண்ணைவிட முக்கியம் போர்ட். விலை குறைந்த சில மெஷ் செட்களில் வைஃபை வேகம் பெரிதாக எழுதியிருக்கும், பின்னால் இருக்கும் போர்ட் 100 எம்பிபிஎஸ். அதில் 500 எம்பிபிஎஸ் இணைப்பைச் செருகினால் வீடு முழுக்க 94தான். நோட்டுக்குக் குறைந்தது இரண்டு கிகாபிட் போர்ட் இருக்க வேண்டும். இணைப்பு 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேல் என்றால் 2.5 கிகாபிட் போர்ட் ஒன்று போதாது. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று வேண்டும்.

வைஃபை 7 வாங்கலாமா? அதன் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் 6 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே உண்டு. இரண்டு பேண்ட் வைஃபை 7 செட்டில் 6 கிகாஹெர்ட்ஸ் இல்லை, ஆகவே அந்தப் பெரிய வேகமும் இல்லை. கேபிள் பேக்ஹால் போடும் வீட்டுக்கு, இணைப்பு 1 ஜிபிபிஎஸ் வரை என்றால், இரண்டு பேண்ட் ஏஎக்ஸ் 3000 தாராளம். மிச்சமாகும் பணத்தை நல்ல கேபிளுக்கும் ஒரு கிகாபிட் ஸ்விட்சுக்கும் (ஒரு கேபிளைப் பல போர்ட்டாகப் பிரித்துத் தரும் பெட்டி) செலவிடுங்கள்.

பிராண்ட் விஷயத்தில்: அமைப்புகளைத் தோண்ட விரும்பாதவருக்கு டிபி-லிங்க் டெக்கோ வரிசை எளிது. சேனல், ரேடியோ சக்தி எல்லாம் கைக்குள் இருக்க வேண்டும் என்பவர் ஏசஸ்ஸின் ஏஐமெஷ் பக்கம் போகலாம். பிரவுசரிலேயே முழு அமைப்பும் கிடைக்கும், தனியாக வாங்கிய ரூட்டர்களையும் சேர்க்கலாம். கூகுளின் நெஸ்ட் வைஃபை ப்ரோ அதே நிறுவனத்தின் பழைய வைஃபை நோட்களோடு சேராது. பழையதை விரிவாக்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். இரண்டு பிராண்டைக் கலக்காதீர்கள். எத்தனை நோட்? இரண்டில் தொடங்குங்கள். நெருக்கமாக மூன்று வைத்தால் ஒன்றையொன்று இரைச்சலாக்கும்.

படி 4: மோடத்தோடு இணைப்பது (பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான்)

சேவை நிறுவனம் தரும் ஃபைபர் மோடமும் ஒரு ரூட்டர்தான். அதன் பின்னால் மெஷ்ஷையும் ரூட்டராக வைத்தால் டபுள் நேட், அதாவது முகவரி மாற்றும் வேலை இரண்டு இடத்தில் நடக்கும். பிரவுசிங் ஓடும், ஆனால் ஆன்லைன் விளையாட்டும், வெளியிலிருந்து கேமரா பார்ப்பதும் மக்கர் செய்யும். கண்டுபிடிக்க, மெஷ் செயலியில் வேன் (இணையப் பக்க) ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் டபுள் நேட்தான். 100.64 முதல் 100.127 வரை என்றால் அது சேவை நிறுவனத்தின் பக்கம் இருக்கும் பகிர்வு முகவரி, அதை வீட்டில் சரி செய்ய முடியாது.

வழி இரண்டு. மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றி, மெஷ்ஷை ரூட்டராக்குவது ஒன்று. மாற்றுவதற்கு முன் பிபிபிஓஇ (சேவை நிறுவனத்தில் உள்நுழையும் முறை) பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண் (உங்கள் இணைப்புக்கு அவர்கள் பயன்படுத்தும் நெட்வொர்க் எண்) மூன்றையும் சேவை நிறுவனத்திடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு கேட்கலாம் என்றால் அப்போது வீட்டில் இணையம் இருக்காது. எல்லாம் சரியாகப் போட்டும் இணையவில்லை என்றால், பழைய கருவியின் மேக் முகவரியோடு (கருவிக்கே உரிய அடையாள எண்) இணைப்பைக் கட்டி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மெஷ்ஷில் மேக் குளோன் செய்தால், அதாவது அந்தப் பழைய எண்ணை நகலெடுத்தால், சரியாகும். மோடத்தில் தொலைபேசியோ டிவி பெட்டியோ தொங்கினால், பிரிட்ஜ் மோடில் அவை ஓடுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாவது வழி மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (ரூட்டர் வேலை மோடத்துக்கு, வைஃபை மட்டும் மெஷ்ஷுக்கு) வைப்பது. ஐந்து நிமிட வேலை. ஆனால் குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்பது போன்ற வசதிகள் பல மாடல்களில் போய்விடும். எந்த வழியானாலும் மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன்கள் அதையே பிடித்துத் தொங்கும்.

இனி கேபிள் வரிசை. மோடம் → பிரதான நோட்டின் வேன் போர்ட். பிரதான நோட்டின் லேன் போர்ட் → ஸ்விட்ச். ஸ்விட்ச் → மற்ற நோட்கள். மெஷ் ரூட்டர் மோடில் இருக்கும்போது மற்ற நோட்டின் கேபிளை மோடத்தில் செருகவே கூடாது. அறைக் கேபிள்கள் எல்லாம் மோடம் இருக்கும் பெட்டியில் வந்து முடியும் வீடுகளில் இதுதான் நடக்கிறது: பிரதான நோட்டை ஹாலில் அழகாக வைத்துவிட்டு, படுக்கையறைக் கேபிளை மோடத்தின் காலி போர்ட்டில் செருகிவிடுகிறார்கள். அந்த நோட் மோடத்தின் நெட்வொர்க்கில் போய் உட்கார்ந்துவிடும், பிரதான நோட் அதைக் கேபிளில் பார்க்கவே பார்க்காது. செயலியில் அது ஆஃப்லைன் என்று காட்டும், அல்லது சத்தமில்லாமல் வயர்லெஸ் பேக்ஹாலில் ஓடும். கேபிள் போட்டும் ஏன் வேகம் பாதி என்று மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான். தீர்வு: பிரதான நோட்டையும் ஸ்விட்சையும் மோடம் பக்கத்திலேயே வையுங்கள். பிரதான நோட் ஹாலில்தான் இருக்க வேண்டும் என்றால், பெட்டியிலிருந்து ஹாலுக்கு இரண்டு கேபிள் வேண்டும். ஒன்று போக, ஒன்று திரும்பி வர.

புதிய நோட்டை முதலில் பிரதான நோட் பக்கத்திலேயே வைத்து, வயர்லெஸ்ஸில் சேர்த்து, ஃபர்ம்வேர் (உள்மென்பொருள்) புதுப்பித்து முடித்த பிறகுதான் அதன் இடத்துக்குக் கொண்டுபோய்க் கேபிளைச் செருக வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் செயலி பேக்ஹால் ஈதர்நெட் என்று காட்ட வேண்டும்.

படி 5: நோட் வைக்கும் இடம்

சிக்னல் இல்லாத அறையிலேயே நோட்டை வைக்காதீர்கள். வயர்லெஸ் பேக்ஹாலில் நோட்டுக்கே சிக்னல் வராவிட்டால் அது உங்களுக்கு எதைத் தரும்? பிரதான ரூட்டருக்கும் அந்த அறைக்கும் பாதி வழியில், −55 முதல் −65 வரை வரும் இடத்தில் வையுங்கள். மேஜை உயரம், திறந்த இடம். டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோ மேல், பெரிய கண்ணாடிக்கோ மீன்தொட்டிக்கோ அருகில் வேண்டாம். மாடி வீட்டில் தளத்தைத் துளைக்கப் பார்ப்பதைவிட, மாடிப்படி திறப்புக்கு நேராக இரண்டு நோட்டையும் வைப்பது பலன் தரும். கேபிள் பேக்ஹால் என்றால் இந்தப் பாதிவழிக் கணக்கு கிடையாது, தேவைப்படும் அறையிலேயே வைக்கலாம்.

படி 6: அமைப்புகளும் சோதனையும்

பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே கொடுங்கள், பெரும்பாலான கருவிகள் தானாக இணையும். ஸ்மார்ட் பிளக், பல்பு போன்றவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸும் டபிள்யூபிஏ 2 என்ற பாதுகாப்பு முறையும்தான் அறியும். அவற்றுக்குத் தனிப் பெயரில் ஒரு நெட்வொர்க் கொடுங்கள். பழைய பிரின்டரோ கேமராவோ இணைய மறுத்தால் வேகமாக நோட் மாற உதவும் 802.11ஆர் வசதியை அணைத்துப் பாருங்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் போட்டால் பெரும்பாலான நாடுகளில் ரேடாரோடு பகிரும் டிஎஃப்எஸ் சேனல்களும் சேர்ந்துவிடும். ரேடார் சிக்னல் தெரிந்தால் ரூட்டர் உடனே விலகியாக வேண்டும். விமான நிலையம் அருகில் என்றால் இணைப்பு அடிக்கடி விட்டு வரும். அப்படியானால் 80-க்கு இறங்குங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகு 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு நிமிடம் தெரியாமல் இருந்தால் பயப்படாதீர்கள். சேனல் காலியா என்று 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் அது பேசத் தொடங்கும்.

சோதிக்கும்போது லேப்டாப்பை நோட்டின் லேன் போர்ட்டில் கேபிளால் செருகி ஒரு முறை ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். அது பேக்ஹாலின் வேகம். பிறகு அதே இடத்தில் வைஃபையில் ஒரு முறை. முதல் எண்ணே குறைவு என்றால் பிரச்சினை பேக்ஹாலில். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது குறைந்தால் கருவியிலோ சேனலிலோ தேடுங்கள்.

பின்சேர்க்கை

நோட் பக்கத்தில் நின்றும் போன் தூரத்து ரூட்டரையே பிடித்திருக்கிறதா? எந்த நோட்டில் சேர்வது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது போன்தான். பிரதான நோட்டின் ரேடியோ சக்தியை ஒரு படி குறைத்தால் அது சீக்கிரம் மாறும்.

போனிலிருந்து பிரின்டர் தெரியவில்லை என்றால் இரண்டில் ஒன்று விருந்தினர் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருப்பவை மற்ற கருவிகளைப் பார்க்க முடியாது.

மின்வெட்டில் மோடமும் பிரதான நோட்டும் யுபிஎஸ்ஸில் ஓடி, நடுவில் இருக்கும் ஸ்விட்ச் மட்டும் அணைந்துபோனால் மற்ற நோட்கள் கேபிளை இழந்து வயர்லெஸ்ஸுக்குத் தாவும். மின்சாரம் வந்த பிறகும் சில மாடல்கள் அப்படியே வயர்லெஸ்ஸில் நின்றுவிடும். ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். முடியாவிட்டால், மின்சாரம் வந்ததும் செயலியில் பேக்ஹால் வரியைப் பார்த்து, ஈதர்நெட் என்று இல்லையென்றால் அந்த நோட்டை மட்டும் அணைத்து மறுபடி போடுங்கள்.