வாக்குச்சீட்டு அச்சுக்குப் போகும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சங்கத் தேர்தலை முதல்முறை நடத்துகிறவர்கள் பலரும் வாக்குச்சீட்டின் ப்ரூஃபை (அச்சுக்கு முந்தைய மாதிரித் தாளை) என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். எழுத்துப்பிழையையோ விடுபட்ட பெயரையோ யாராவது எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். ப்ரூஃபில் எல்லாம் சரியாகத் தெரிந்து, எண்ணும் மேசைக்கு வந்ததும் சண்டையாகிற தவறுகள்தான் ஆபத்து.

பெயர்களை இரண்டு பத்தியாகப் பிரிப்பது

எத்தனை தடவை சொன்னாலும் இது திரும்ப வருகிறது, இன்றும் எரிச்சலாக இருக்கிறது. பன்னிரண்டு வேட்பாளர்கள் என்றால் ஒரே தாளில் அடக்க ஆறு ஆறாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். இடப்பத்தியில் பெயர், கட்டம். அந்தக் கட்டத்தை ஒட்டியே வலப்பத்திப் பெயர். நடுவில் நிற்கும் கட்டம் யாருடையது என்பது வடிவமைத்தவருக்குத் தெரியும், அவசரத்தில் குறிக்கிறவருக்குத் தெரியாது. ஒரு சங்கத்தின் எண்ணிக்கையில் இரண்டு பக்கத்து முகவர்களும் ஒரே சீட்டைப் பிடித்துக்கொண்டு 'எங்களுக்குத்தான்' என்று நின்றதைப் பார்த்தேன். டிக் சரியாக நடுக்கோட்டில் விழுந்திருந்தது. அப்படிப்பட்ட சீட்டுகள் சேர்ந்துபோய், கடைசியில் மறுதேர்தல் வைத்தார்கள்.

2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடாவின் பாம் பீச் கவுண்டியிலும் கோளாறு இதே இடத்தில்தான். வயதானவர்கள் படிக்க எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று பெயர்களை எதிரெதிர்ப் பக்கங்களில் போட்டு, வாக்களிக்கக் குத்த வேண்டிய துளைகளை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார்கள். இடப்பக்கத்தில் அல் கோர் இரண்டாவது பெயர், ஆனால் அவருக்கான துளை மூன்றாவது. இரண்டாவது துளை வலப்பக்கத்து வேட்பாளர் பேட் புக்கானனுக்கு. ஒன்றுக்கு மேல் துளையிட்டுச் செல்லாமல் போனவை மட்டும் 19,000-க்கு மேல். மாநிலத்தில் கோரை எதிர்த்து நின்ற புஷ் ஜெயித்ததோ 537 வாக்குகளில். எண்ணம் நல்லதுதான், ஆனால் வாக்காளரின் வாக்கு போனது போனதுதான்.

ஒரே பத்தி போதும். பெயரும் கட்டமும் ஒரே வரியில், வரிக்கு வரி தடித்த கோடு. தாள் நீண்டால் நீளட்டும். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றபோது வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள்.

பெயர் வரிசை

இப்போதைய தலைவரை மரியாதைக்காக முதலில் போடாதீர்கள். மேலே இருக்கும் பெயருக்குக் கொஞ்சம் வாக்கு கூடுதலாக விழும் என்பதால்தான் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் சீட்டுக்குச் சீட்டு வரிசையை மாற்றி அச்சிடுகிறார்கள். அது முடியாதென்றால் வேட்பாளர்கள் முன்னிலையில் குலுக்கல் போடுங்கள். ஒருவருக்கு மட்டும் பட்டம் சேர்ப்பதும் வேண்டாம்.

'மூன்று பேருக்கு வாக்களிக்கவும்'

இப்படி மட்டும் அச்சிட்டால் கேள்வி வரும்: இரண்டு பேருக்கு மட்டும் போட்டால் செல்லுமா? அதையும் அச்சிட வேண்டும்: 'அதிகபட்சம் மூன்று பேர். நான்காவது குறி இருந்தால் சீட்டு செல்லாது.'

மை ஒட்டுவது

மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கம் ஒட்டி இரண்டு குறியாகத் தெரியும். நம் அரசுத் தேர்தல் முத்திரையின் அம்புக்குறிகள் ஒரே திசையில் திரும்பியிருப்பது இதற்காகத்தான், ஒட்டிய குறி தலைகீழ்த் திசையில் விழுந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் முத்திரை வெறும் வட்டமாக இருந்தால் அந்த வசதி கிடையாது, அதனால் சீட்டை நீளவாக்கில் முதலில் மடிக்கச் சொல்லுங்கள், அப்போது ஒட்டினாலும் அதே பெயரின் வரியில்தான் ஒட்டும்.

மெல்லிய தாள்

மடித்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறி தெரிந்தால் தாளை மாற்றுங்கள்.